ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த அக்காவும் தம்பியும்: தம்பி மட்டும் அமெரிக்க அதிபர் ஆகலாமா?

எடிசன்வாசி:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பஞ்சாயத்து ஓடுகிறது. நான் 1999ல் இங்கே படிக்க வந்தவன். 2006ல் கிரீன் கார்டு, 2012ல் சிட்டிசன். மகள் 2010ல் கோயம்புத்தூரில் பிறந்தாள். தலைப்பிரசவம், அதனால் மனைவி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது அவளும் கிரீன் கார்டுதான். குழந்தை கைக்குழந்தையாகவே அம்மாவோடு வந்து கிரீன் கார்டு வாங்கினாள். நான் சிட்டிசன் ஆன அன்றே அவளும் தானாக ஆகிவிட்டாள்.

மகன் 2014ல். மாமியாருக்கு உடம்பு முடியாமல் இருந்ததால் மறுபடியும் அதே ஊர், அதே ஆஸ்பத்திரி. சென்னையில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் பிறப்பைப் பதிந்து, அமெரிக்க பாஸ்போர்ட்டோடு கூட்டி வந்தோம்.

இப்போது பள்ளியில் டீச்சர், அமெரிக்க மண்ணில் பிறந்தவர்தான் அதிபர் ஆகமுடியும் என்று சொல்லியிருக்கிறார். பையன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், ‘ரெண்டு பேருக்கும் கிடையாது’ என்று. ஆனால் பையனுக்கு உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி?

மயிலைக்காரன்:

டீச்சர் சொன்னதுதான் சார். மண்ணில் பிறக்கணும். முடிந்தது கதை.

படிவம் அக்கா:

முடியவில்லை தம்பி. நான் வக்கீல் இல்லை, குடிவரவு வக்கீல் ஒருவரிடம் படிவம் நிரப்புகிறவள். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் மேஜைக்கு அடிக்கடி வரும்.

அரசமைப்பு அதிபருக்குக் கேட்பது 35 வயது, 14 ஆண்டு வாசம், அப்புறம் ‘நேச்சுரல் பார்ன் சிட்டிசன்’ என்ற தகுதி. மண் என்ற பேச்சே அதில் இல்லை. நேச்சுரல் பார்ன் என்றால் யார் என்ற விளக்கமும் இல்லை. 1787 ஜூலையில், அரசமைப்பை எழுதிக்கொண்டிருந்தபோது, ஜான் ஜே என்ற தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. படைத் தலைமை வெளிநாட்டார் கைக்குப் போய்விடக் கூடாதே என்பது அவர் கவலை. 1790ல் காங்கிரஸ் போட்ட சட்டம், வெளிநாட்டில் சிட்டிசன்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளையும் நேச்சுரல் பார்ன் என்றே கருதச் சொன்னது. 1795ல் வந்த சட்டத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெறும் ‘சிட்டிசன்’ என்று போட்டார்கள். அதை வைத்து இன்றும் சண்டை.

இன்று சட்டம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது ஒன்றைத்தான்: பிறந்த நொடியிலேயே சிட்டிசனா, பிறகு ஆனவரா? எடிசன்வாசி, உங்கள் மகன் பிறந்தபோது நீங்கள் சிட்டிசன். அதற்கு முன் 5 ஆண்டு, அதிலும் 14 வயதுக்குமேல் 2 ஆண்டு, இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. 1999லிருந்து இருக்கிறீர்கள், போதும். சென்னையில் வாங்கிய எஃப்எஸ்-240 காகிதம் அவனுக்குக் குடியுரிமை கொடுக்கவில்லை. பிறக்கும்போதே இருந்ததைப் பதிந்தது, அவ்வளவுதான்.

மகள் விஷயம் வேறு. 2012 வரை அவள் இந்தியப் பிரஜை. 2000ல் வந்த சட்டத்தால் உங்கள் வழியாக சிட்டிசன் ஆனவள். கோபப்பட்டால் நியாயம்தான், ஆனால் அவளுக்கு வழி இல்லை.

சட்டம் பேசுவோம்:

அக்கா, இதை உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதா? அப்பா, அம்மா இருவரும் சிட்டிசனாக இருக்கவேண்டும் என்றும் ஒரு வாதம் உண்டே. கமலா ஹாரிஸ் போட்டியிட்டபோதுகூடக் கிளப்பினார்களே.

படிவம் அக்கா:

உச்ச நீதிமன்றம் எந்த வேட்பாளருக்கும் இதைத் தீர்த்துச் சொன்னதில்லை. அது உண்மை.

இரண்டு பெற்றோர் வாதம் நிற்காது. செஸ்டர் ஆர்தர் 1829ல் வெர்மாண்டில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து வந்த அவர் அப்பா சிட்டிசன் ஆனது 1843ல். மகன் அதிபராகவே இருந்தார். ஹாரிஸ் ஓக்லாந்தில் பிறந்தவர், அதனால் அங்கே கேள்வியே எழாது. அதற்கு வேர், சீனப் பெற்றோருக்குச் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரரின் வழக்கு. சீனா போய் 1895ல் திரும்பியவரைக் கப்பலிலிருந்து இறங்க விடவில்லை. இங்கே பிறந்ததால் அவர் சிட்டிசன்தான் என்று 1898ல் உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 2 என்ற கணக்கில் ஜெயித்தார். எனக்குப் பிடித்தது அதில் சிறுபான்மையாக நின்ற நீதிபதி ஃபுல்லர் எழுதியது. வழியில் வந்த அந்நியரின் பிள்ளை அதிபர் ஆகலாம், வெளிநாட்டில் பிறந்த நம் சிட்டிசனின் பிள்ளை ஆகக்கூடாதா என்று பொருமியிருக்கிறார். எடிசன்வாசியின் பையனுக்காகவே எழுதியதுபோல இருக்கும்!

ஆனால் அதே தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள், வெளிநாட்டில் பிறந்தவர் காங்கிரஸ் சட்டத்தால்தான் சிட்டிசன் ஆகிறார் என்றார்கள். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வது அதைத்தான். 2016ல் அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டியிட்ட டெட் குரூஸ் 1970ல் கனடாவின் கால்கரியில் பிறந்தவர். அம்மா அமெரிக்கர், அப்பா கியூபாக்காரர். அந்த ஆண்டு பென்சில்வேனியா நீதிமன்றமும், உங்கள் நியூஜெர்சியிலேயே ஒரு நிர்வாக நீதிபதியும் அவர் பெயர் வாக்குச்சீட்டில் இருக்கலாம் என்றார்கள். பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்த அதிபர் வேட்பாளர் மெக்கெயினுக்கு 2008ல் செனட்டே, அவர் நேச்சுரல் பார்ன்தான் என்று தீர்மானம் போட்டது. அதற்குச் சட்டபலம் கிடையாது, மரியாதைக்குச் செய்தது.

ஆக, பையனின் டீச்சரிடம் குரூஸ் பெயரைச் சொன்னால் போதும்.

எடிசன்வாசி:

ரொம்ப நன்றி அக்கா. இதைப் படித்துக் காட்டினேன், மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் வெளியே வந்து, ‘துணை அதிபராவது?’ என்றாள்.

படிவம் அக்கா:

அதுவும் இல்லை. அரசமைப்பின் 12ஆவது திருத்தம் அடைத்துவிட்டது. செனட்டர் ஆகலாம், 30 வயதும் 9 ஆண்டு குடியுரிமையும் போதும். பிரதிநிதிகள் சபைக்கு 25 வயது, 7 ஆண்டு. அங்கே இருக்கும் பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர் என்று சொல்லுங்கள். சபாநாயகர்கூட ஆகலாம். அதிபர் நாற்காலி காலியானால் மட்டும் அவளைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விடும்.

இன்னொன்று, அவளுக்கு என்-600 படிவம் போட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? பாஸ்போர்ட் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட் (நீங்கள் சிட்டிசன் ஆனபோது கொடுத்தது), அவளுடைய பழைய கிரீன் கார்டின் நகல், கோவை பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். முப்பது வயதில் அப்பாவின் காகிதத்தைத் தேடி எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்கள் நிறைய.