புதுப்பிப்பு: பனியில் கருகிய உருளைக்கிழங்கு பிழைத்ததா?

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் நீர்போக (பாசனத்தை நம்பிப் பயிரிடும் பருவத்து) உருளைக்கிழங்கு ஒரே இரவு உறைபனியில் கருகிவிட்டது, உழுதுவிடலாமா என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். அவசரப்படாமல் தண்டைக் கீறிப் பார்க்கச் சொன்னார் ஒரு பெரியவர். கீறினேன். மேலே கறுத்துக் கூழாகியிருந்த தண்டு, மண்ணை ஒட்டி ஒரு விரல் உயரத்துக்குப் பச்சையாகவே இருந்தது. விட்டுவைத்தேன்.

பத்தே நாளில் அடியிலிருந்து தளிர் வெடித்தது! அந்தப் பெரியவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

நேற்று அறுவடை முடிந்தது. மேட்டுத் தோட்டத்தில் நல்ல கிழங்கு. ஓடையோரப் பள்ளத்தில் பெரும்பாலும் கோலிக்குண்டு அளவுதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே பள்ளத்தில் வந்து தேங்குகிறது. ஐம்பதடி தூரத்தில் இவ்வளவு வித்தியாசம்.

உறைபனியிலிருந்து பயிரைக் காக்க நீர்த் தெளிப்பானை ஓடவிடுவது பற்றிப் பலர் கேட்டீர்கள். பனி இறங்கும் முன்பே ஓடவிட வேண்டும். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. வெயில் ஏறிப் பனிக்கட்டி கரையும்வரை நிறுத்தக் கூடாது. நான் நடுவில் நிறுத்தினேன், அதனால்தான் சேதம் கூடியது. வழக்கமான பாசனத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். இரவெல்லாம் ஈரமாக இருக்கும் இலையில் பின்கருகல் நோய் எளிதில் பரவும்.

வரும் ஜனவரியில் அந்தப் பள்ளத்தில் கேரட் விதைக்கப் போகிறேன். அது குளிரை உருளைக்கிழங்கைவிட நன்றாகத் தாங்கும்.