கணவரின் அண்ணன் மனைவியை எப்படி அழைப்பது? அவசரம்

மஞ்சள்கிழங்கு: திருமணமாகி எட்டு நாள் ஆகிறது. கணவரின் அண்ணன் மனைவியை இனி "அக்கா" என்று அழைக்க வேண்டுமாம். எனக்கு வாய் வரவே இல்லை. வேறு சொல் இருக்கிறதா? நாளை அவர் வீட்டில்தான் விருந்து. சீக்கிரம் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரி: "நங்கை" என்று அழையுங்கள். எங்கள் பக்கம் அப்படித்தான்.

தென்காசிச்சாரல்: அது உடன்பிறந்த அண்ணன் மனைவிக்கு. நாங்கள் மதினி என்போம். இவர் கேட்பது வேறு. எந்த ஊர் அம்மா? அவர் உங்களுக்கு மூத்தவரா, இளையவரா?

வாழைத்தோப்பு: இளையவராகத்தான் இருப்பார், அதனால்தான் வாய் வரவில்லை. என் ஓர்ப்படி என்னைவிட நான்கு வயது சின்னவள். 11 வருடமாக அவளை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. பக்கத்தில் போய் வளையலைக் குலுக்குவேன், திரும்பிவிடுவாள்.

இலக்கணமணி: ஓர்ப்படி அல்ல, ஓரகத்தி என்று எழுதப் பழகுங்கள். அதுவும் பிறரிடம் குறிப்பிடும் சொல். "ஓரகத்தி, காப்பி கொடுங்கள்" என்று யாரும் கேட்பதில்லை. அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள் தமக்குள் அக்கா தங்கை முறை. அதனால்தான் ஒருத்தியின் பிள்ளைக்கு மற்றவள் பெரியம்மா, சித்தி ஆகிறாள். திராவிட உறவுமுறை பற்றி பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1953இலேயே எழுதிவிட்டார். அக்கா என்பதே சரி. இழையை மூடலாம்.

காவிரிக்கரை: ஓர்ப்படியும் அகராதியில் இருக்கிறது ஐயா. எங்கள் தெருவில் ஓரகத்தி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இலக்கணமணி: உங்கள் தெரு தமிழ்நாடு ஆகாது.

காவிரிக்கரை: சகலையை ஷட்டகர் என்பவர்கள் வீட்டுக்கும் போய்த் திருத்துவீர்களோ?

தென்காசிச்சாரல்: சண்டை இருக்கட்டும். கேட்டவரைக் காணோம். சொந்தத்தில் கட்டினீர்களா, அந்நியமா?

மஞ்சள்கிழங்கு: மன்னிக்கவும், வீட்டில் ஆள் நடமாட்டம். சொந்தம்தான். அம்மாவின் கடைசித் தம்பியைக் கட்டியிருக்கிறேன். அவருடைய அண்ணன் என் பெரிய மாமா. அவர் மனைவியை விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தை என்றுதான் அழைக்கிறேன். பள்ளிக்கூடம் போகும்போது சடை பின்னிவிட்டவர். ஊர் விருதுநகர் பக்கம்.

வாழைத்தோப்பு: இதை முதல் வரியில் சொல்லக் கூடாதா!

பொள்ளாச்சிக்காரி: அப்படியானால் உங்கள் நாத்தனார் உங்கள் அம்மாவேதான்! தாலியின் மூன்றாவது முடிச்சை யார் போட்டது?

இலக்கணமணி: நான் சொன்னது மாமன் மகன், அத்தை மகன் திருமணத்துக்கு. அதில் முறை பிசகாது. அக்காள் மகளைக் கட்டினால் ஒரு தலைமுறை இறங்கிவிடும். இதை நான் முதலிலேயே ஊகித்தேன்.

காவிரிக்கரை: ஊகித்துத்தான் இழையை மூடச் சொன்னீர்களாக்கும்.

தென்காசிச்சாரல்: பழைய முறையை மாற்றாதீர்கள். என் பெரியம்மாவும் தாய்மாமனைக் கட்டியவர். மாமியாரைக் கடைசிவரை ஆச்சி என்றுதான் அழைத்தார், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நாளை உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அது பெரியம்மா என்று அழைக்கட்டும். ஆமாம், அக்கா என்று அழைக்கச் சொன்னது யார்? அந்த அத்தையேவா?

வாழைத்தோப்பு: நல்ல கேள்வி.

மஞ்சள்கிழங்கு: இல்லை, கல்யாணத்துக்கு வந்த ஒரு பெரியவர். விருந்துக்குப் போய் வந்தோம். வாசலில் நின்று "அக்கா" என்றேன். எனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெருவை எட்டிப் பார்த்தார். அத்தை என்றே இருக்கட்டும். முடிச்சுப் போட்டது சித்தி. நன்றி.