'எக்ஸ்பிரஸ்' இன்ஜின் யாருடையது?

ராயபுரத்தான்: குடியரசு தினம், சுதந்திர தினம்னா ஓட்டிக் காட்டுவாங்களே அந்தக் குட்டி நீராவி இன்ஜின், ஈ.ஐ.ஆர். 21, 'எக்ஸ்பிரஸ்', 1856 ஜூலை 1-ல ராயபுரத்திலேர்ந்து வாலாஜா ரோட்டுக்குப் போன முதல் ரயிலை இழுத்தது அதுதான். எங்க தாத்தா சொல்லுவார். அதை ராயபுரம் ஸ்டேஷன் வாசல்ல கொண்டாந்து நிறுத்தணுமா வேணாமா?

கரிமூட்டை: தாத்தா மேல மரியாதை உண்டு தல. ஆனா பேர்லயே பதில் இருக்கு. ஈ.ஐ.ஆர்.னா ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, கல்கத்தா பக்கத்துக் கம்பெனி. ராயபுரம் லைன் போட்டது மெட்ராஸ் ரயில்வே. இங்கிலாந்துல லீட்ஸ் ஊர்ல, கிட்சன் தாம்சன் அண்ட் ஹெவிட்சன் பட்டறையில 1855-ல செஞ்சு கப்பல்ல கல்கத்தா போன இன்ஜின் இது. ஓய்வு வாங்கினப்புறம் ஜமால்பூர்லயும் ஹவுராவுலயும் காட்சிக்கு நின்னுச்சு. பெரம்பூர் வந்ததே நம்ம காலத்துல.

ராயபுரத்தான்: ரெண்டு கம்பெனியும் அஞ்சரை அடி அகலப் பாதைதானே? கடன் வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதா?

கரிமூட்டை: 1856-ல கல்கத்தாவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவுல தண்டவாளமே இல்ல. நீந்தி வந்துச்சா?

லோகோகாரன் மகன்: பிறந்த ஊர் லீட்ஸ், உழைச்ச ஊர் வங்காளம், ஒத்துக்கிறேன். ஆனா நூறு வருஷம் அசையாம கிடந்ததை 2010-ல எழுப்பினது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ், அதான் ரயில் இன்ஜின் பட்டறை. அந்த வருஷ சுதந்திர தினத்துல சென்ட்ரல்–ஆவடி ஓடுச்சு. (ஈ.ஐ.ஆரோட முதல் ரயில், ஹவுரா–ஹூக்ளி, அதுவும் 1854-ல அதே ஆகஸ்ட் 15. தற்செயல்தான், ஆனா சொல்லாம இருக்க முடியல.) அப்புறம் எழும்பூர்–கோடம்பாக்கமும் ஓடுச்சு. எங்கப்பா அந்த ஒர்க்ஸ்ல ஃபிட்டர். சங்கு ஊதினா தெருவே சாப்பிட உட்காரும். உரிமை எங்களுக்கும் உண்டு.

அளவுகோல்: எழுப்பினாங்களா, புதுசா செஞ்சாங்களா? பழைய இரும்பு எவ்வளவு மிச்சம்? உள்ளுக்குள்ள பாதி புதுசுன்னா அதைப் பழமைன்னு சொல்றது ஏமாத்து. அதே ஈ.ஐ.ஆரோட இன்னொரு நீராவி இன்ஜின் 'ஃபேரி குயின்' (22-ம் நம்பர்), ஓடற நீராவி இன்ஜின்லயே பழசுன்னு 1998-லயே கின்னஸ் சான்றிதழ் வாங்கியாச்சு. பெரம்பூர்க்காரங்க வந்து "எங்களுது 21, ஒரு நம்பர் மூப்பு"ங்கறாங்க.

லோகோகாரன் மகன்: கோயில் தேருக்கு அச்சு மாத்தறோம், சக்கரம் மாத்தறோம். யாராவது புதுத் தேர்னு சொல்றாங்களா?

அளவுகோல்: தேர் கின்னஸ்ல பேர் கேக்கறதில்லையே.

கரிமூட்டை: நம்பர் விஷயத்துல அளவுகோல் சொல்றது சரி. ரெண்டும் ஒரே பட்டறை, ஒரே வருஷம். 21, 22ங்கறது கம்பெனி கணக்குப்புத்தக வரிசை, அதை வச்சு யார் அக்கா யார் தங்கச்சின்னு சொல்ல முடியாது. ஆனா "பாதி புதுசு"ங்கறதுல தப்பு. நீராவி இன்ஜின்ல கொதிகலனும் குழாயும் தேய்மானச் சாமான். உள்ள நெருப்பு, வெளிய தண்ணி, தண்ணியில உப்பு. குழாய் ஓட்டை விழும், தகடு மெலியும். தினசரி ஓடின காலத்துலயே கழட்டி மாத்திக்கிட்டேதான் இருந்தாங்க. 160 வருஷத்துக்கு மேல பழசான கொதிகலன்ல அழுத்தம் ஏத்தி, பின்னாடி ஜனங்களை உட்கார வச்சு ஓட்டச் சொல்றீங்களா? முதல் பெட்டியில நீங்க ஏறுவீங்களா?

அளவுகோல்: ஏற மாட்டேன். ஆனா எது பழசு, எது புதுசுன்னு பக்கத்துல ஒரு பலகை வைக்கலாம். அது கூட மாட்டாங்களா?

லோகோகாரன் மகன்: பலகைக்கு நானும் கை தூக்கறேன். இன்னொண்ணு, அதுல மூணு ஜோடி சக்கரம், நடு ஜோடிக்கு மட்டும்தான் விசை. பிடிப்பு கம்மி. அதனாலதான் பின்னாடி ஒரே பெட்டி. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நின்னு பார்த்திருக்கேன், சைக்கிள்காரன் முந்திடுவான் போல இருந்துச்சு. பேர் மட்டும் எக்ஸ்பிரஸ்!

ராயபுரத்தான்: முதல் பதிவைத் திருத்தி, "இழுத்தது அதுதான்"ங்கறதை எடுத்துடறேன். தாத்தாவை எடுக்க மாட்டேன்.