நாசோவில் சுறா டைவ்: கப்பல் நிறுவனம் வழியாகவா, நேரடியாகவா?

கரையோரவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மயாமியிலிருந்து புறப்படும் நான்கு இரவுச் சொகுசுக் கப்பல் ஒன்றில் குடும்பத்துடன் செல்கிறோம். கடைசித் துறைமுகம் பஹாமாஸின் தலைநகரான நாசோ. கப்பல் அங்கே காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. மறுநாள் காலை மயாமியில் இறங்கி, பதினொரு மணி விமானத்தில் நியூ ஜெர்சி திரும்ப வேண்டும்.

கப்பல் நிறுவனத்தின் நாசோவுக்கான கரைச் சுற்றுலாப் பட்டியலில் இரண்டு சிலிண்டர் சுறா டைவ் (அதாவது அடுத்தடுத்து இரண்டு டைவ்) ஒன்று இருக்கிறது. கூண்டு கிடையாது, மணலில் மண்டியிட்டு அமர்ந்திருக்க, நம்மைச் சுற்றிச் சுறாக்களுக்கு இரை ஊட்டுவார்களாம். எனக்கு 2019இல் புதுச்சேரியில் பெற்ற ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை ஸ்கூபா சான்றிதழ் இருக்கிறது. இதுவரை மொத்தம் பதினொரு டைவ். கடைசியாகக் கடலுக்குள் இறங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அதே டைவைத் தீவில் உள்ள நிலையத்தில் நேரடியாகப் பதிவு செய்தால் கட்டணம் கணிசமாகக் குறைகிறது என்பதால் எந்த வழியில் போவது என்று தெரியாமல் இருக்கிறேன். என் அனுபவம் இதற்குப் போதுமா, மறுநாள் விமானம் ஏறலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

இன்னொன்று. மனைவிக்கும் பதினைந்து வயது மகளுக்கும் ஸ்கூபா தெரியாது. அவர்களுக்காக அதே படகில், மூச்சுக்குழாய் வைத்து நீர்மட்டத்தில் மிதக்கும் ஸ்நார்கெல் ஏற்பாடு உண்டு என்கிறார்கள். ஆனால் பளபளக்கும் நகை எதுவும் அணியக் கூடாதாம். மனைவி தாலியைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஈயக்கட்டி எழுதியது:

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மார்ச் மாதத்தில், இதே டைவைக் கப்பலிலிருந்து இறங்கிப் போய்ச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் சான்றிதழ் பதினெட்டு மீட்டர் வரை செல்லும். இரையூட்டும் இடத்தின் ஆழம் நான் சென்றபோது பதினைந்து மீட்டருக்கு உட்பட்டே இருந்தது. ஆகவே தகுதி இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. ஊரிலேயே ஏதாவது ஒரு டைவ் கடையின் நீச்சல் குளத்தில் ஒரு மறுபயிற்சியை முடித்துவிட்டுப் போங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் சமநிலைக்காகக் கைகளைத் துடுப்புப் போல் வீசுவார். மீன் துண்டுகளின் வாடை பரவிய நீரில், வெளிறிய உள்ளங்கை ஒன்று திடீரென்று முன்னால் வந்து மறைவது மீனைப் போலத் தோன்றினால் அதற்குச் சுறாவைக் குறை சொல்ல முடியாது.

முதல் டைவில் இரை கிடையாது. அது பவளத்திட்டின் விளிம்பு வரை சென்று திரும்புவது. அந்த விளிம்புக்கு அப்பால் தரை என்பதே இல்லை. நாசோ இருக்கும் நியூ பிராவிடன்ஸ் தீவுக்கும் ஆண்ட்ரோஸ் தீவுக்கும் நடுவில் கிடக்கும் 'கடலின் நாக்கு' என்ற பெரும்பள்ளம் அங்கே ஆரம்பித்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. நம் படகுச் சத்தத்துக்கே பழகிப்போன சுறாக்கள் முதல் டைவிலேயே பின்னால் வந்து மேய்ந்துகொண்டிருக்கும். கண் பழகுவதற்குத்தான் இந்த முதல் சுற்று என்று நினைக்கிறேன்.

இரண்டாவதுக்கு முன் இடுப்பில் கூடுதலாக ஈயக் கட்டிகளை ஏற்றுவார்கள். அரைவட்டமாக மண்டியிட்டு, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, கல் மாதிரி இருக்க வேண்டும். இரையூட்டுபவர் எஃகு வளையங்கள் கோத்த சங்கிலிக் கவசத்துடன் நடுவில் வந்து நிற்பார். கையில் மூடிய பெட்டியும் ஒரு குத்துக்கோலும் இருக்கும். வருபவை பெரும்பாலும் கரீபியப் பவளச் சுறாக்கள், இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். பெட்டி திறக்கும் முன் அவை நிதானமாகத்தான் சுற்றுகின்றன. முதல் துண்டு கோலின் முனைக்கு வந்ததும் வேகம் மாறுகிறது. ஒன்று என் தோளை உரசிக்கொண்டு போனது. வெட்சூட் என்ற ரப்பர் நீருடையின் மேல் உப்புத்தாளைத் தேய்த்ததுபோல் ஒரு சுரண்டல், அவ்வளவுதான். என்னை உண்மையிலேயே திடுக்கிட வைத்தது சுறா அல்ல. சிந்திய துணுக்குகளுக்காக என் கால்களுக்கு இடையில் நுழைந்த ஒரு கனத்த களவா மீன் தொடையில் முட்டியபோதுதான் வாயில் இருந்த மூச்சுக் கருவியான ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே கத்தினேன்.

நம்மூரில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிவிட்டார் என்ற நம்பிக்கை வந்த பிறகே மற்றவர்கள் மூழ்குவார்கள். அவருக்குக் கிடைத்த கூலி இருபதில் ஒரு பங்கு என்று மார்கோ போலோ எழுதியிருக்கிறார். நாசோவின் கடல்கட்டி வாயைக் கட்டுவதற்குப் பதில் திறக்க வைக்கிறார் என்பதுதான் வேறுபாடு. கவசக் கையால் மூக்கின் நுனியைத் தடவி ஒரு சுறாவை அசைவற்று மயங்க வைத்ததையும் அன்று பார்த்தேன். மூக்கைச் சுற்றி மின்புலத்தை உணரும் நுண்துளைகள் இருப்பதால் அந்த இடம் அவற்றுக்கு அத்தனை கூர்மையானதாம்.

விமானத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் பறக்கக் கூடாது என்பதுதான் விஷயம். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் செய்தவர் குறைந்தது பதினெட்டு மணி நேரம் கழித்துப் பறக்க வேண்டும் என்பது பொது நெறி. நீங்கள் மதியம் ஒரு மணிக்குள் மேலே வந்துவிட்டால் மறுநாள் பதினொரு மணிக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

மாலுமிமகன் எழுதியது:

கட்டணத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கப்பல்கள் நிற்பது தீவின் வடகரையில், நகரத்தின் நடுவே. டைவ் நிலையங்கள் இருப்பது தென்மேற்குக் கரையில். நடுவில் வண்டிப் பயணம் அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் நான்கைந்து கப்பல்கள் நிற்கும் நாளில் அது எவ்வளவு நீளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலில் நான்கரைக்கே ஏறியிருக்க வேண்டும் என்பார்கள். காலையில் இறங்கும் வரிசை, படிவங்கள், படகு, இரண்டு டைவ், நடுவில் ஓய்வு என்று எல்லாவற்றையும் கூட்டினால் காலைப் படகுக்கு நேரம் தாராளம். மதியப் படகை நினைத்தும் பார்க்காதீர்கள்.

நான் நேரடியாகப் பதிவு செய்துதான் போனேன். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. காலையில் எங்களை ஏற்ற வர வேண்டிய வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. அந்தத் தாமதம் நாள் முழுவதும் எங்களைத் துரத்தியது. இரண்டாவது டைவில் சுறாக்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்க, நான் டைவ் கணினியில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் வண்டியில் ஈர உடையோடு உட்கார்ந்திருந்து, கப்பல் பாலம் எடுக்கப்படுவதற்குப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு முன் ஏறினோம். கப்பல் வழியாகப் பதிவு செய்த குழு தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகம் வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்கும். தனியாகப் போனவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் அடுத்த துறைமுகம் மயாமி என்பதால், தவறவிட்டால் அன்றிரவே விமானம் தேட வேண்டியிருக்கும். டைவ் முடித்த உடலோடு அதிலும் ஏற முடியாது.

டிசம்பரில் வடக்கிலிருந்து வாடைக்காற்று இறங்கும் நாட்கள் உண்டு. தென்மேற்குக் கரை பொதுவாக அந்தக் காற்றுக்கு மறைவானது என்றாலும், காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் படகு கிளம்பாது. கப்பலே நாசோவைத் தவிர்த்துவிட்டுப் போவதும் நடக்கும். அப்போது கப்பலில் கட்டிய பணம் தானாகத் திரும்பி வரும். நேரடியாகக் கட்டியதற்கு அந்த நிலையத்தின் விதி என்னவோ அதுதான். முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீலவாணி எழுதியது:

எல்லோரும் நேரத்தைப் பற்றியே பேசுவதால் நான் கொஞ்சம் குறுக்கிடுகிறேன். பணம் வாங்கிக்கொண்டு காட்டுவிலங்குக்குத் தீனி போட்டு அதை வேடிக்கை பார்ப்பதை, விலங்கு நீரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நாம் ஏன் ஏற்றுக்கொள்கிறோம்? ஃபுளோரிடா மாநிலம் தன் கடல் எல்லைக்குள் இதை 2001இலேயே தடை செய்தது. அங்கிருந்து கிளம்பும் படகுகள் பஹாமாஸ் கடலுக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். 2008 பிப்ரவரியில் அப்படி வந்த ஒரு படகில், கூண்டில்லாமல் இரைப்பெட்டிகளுக்கு அருகே மூழ்கிய ஒருவர் கடிபட்டு இறந்தார். 2022 செப்டம்பரில் நாசோவுக்கு அருகே ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த ஒரு கப்பல் பயணி சுறா தாக்கி இறந்தார். அங்கே இரையூட்டல் நடந்ததாக நான் சொல்லவில்லை, ஆனால் "இங்கே எதுவும் நடந்ததே இல்லை" என்று சுற்றுலா முகவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம் என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

ஈயக்கட்டி எழுதியது:

நீலவாணி கேட்பது நியாயமான கேள்வி. 2008இல் நடந்தது புலிச்சுறா, காளைச்சுறா போன்றவற்றைத் தேடிச் சென்ற படகில். நாசோவின் வழக்கமான டைவ் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் ஆபத்து அறவே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. பஹாமாஸ் 1993இலேயே, ஒரே நீண்ட கயிற்றில் பல தூண்டில்களைக் கட்டும் நீள்தூண்டில் மீன்பிடிப்பைத் தடை செய்தது. 2011 ஜூலையில், ஏறத்தாழ 6,30,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தன் கடல் முழுவதிலும் வணிகச் சுறா வேட்டைக்குத் தடை விதித்தது. உயிரோடு நீந்தும் சுறாவைப் பார்க்க ஆட்கள் பணம் கட்டி வருகிறார்கள் என்பது அந்தத் தடைக்குப் பெரிய பலம். 2014ஆம் ஆண்டில் சுறா, திருக்கை மீன்களைச் சார்ந்த டைவ் தொழிலால் அந்நாட்டுப் பொருளாதாரத்துக்குக் கிடைத்த பயன் 11 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரையூட்டும் இடத்துக்கு வரும் பவளச் சுறாக்களைப் பற்றி 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உருவத்தில் பெரிய சிலவே இரையில் பெரும்பங்கைத் தட்டிச் செல்கின்றன என்றும், அதற்காக அவை தம் நடமாட்டத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை என்றும் கண்டது. இது என் மனத்தைச் சமாதானப்படுத்தப் போதுமானதாக இருந்தது. உங்கள் மனத்துக்குப் போதாது என்றால், முதல் டைவை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதைப் படகில் உட்கார்ந்து கழிக்க யாரும் தடை சொல்வதில்லை.

தங்கமீன் எழுதியது:

ஸ்நார்கெல் பக்கத்தை நான் சொல்கிறேன். என் கணவர் கீழே போக, நானும் மகனும் மேலே இருந்தோம். சுதந்திரமாக நீந்துவதற்கு விடவில்லை. படகிலிருந்து கட்டிய ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உயிர்காப்புச் சட்டையுடன் முகத்தை நீரில் வைத்து மிதந்தோம். கீழே சுறாக்கள் சுற்றின. நீச்சல் நன்றாகத் தெரியாத எனக்குக் கயிறுதான் துணை. துடுப்புக் காலால் நீரைத் தப்தப்பென்று அடிக்க வேண்டாம் என்று மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

தாலி விஷயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, நானும் கழற்றவில்லை. மின்னும் உலோகம் மீன் செதில்போல் தெரியும் என்பதற்காகத்தான் வேண்டாம் என்கிறார்கள். கழுத்து வரை மூடும் முழு வெட்சூட் கேளுங்கள். தாலிச் சரட்டை உள்ளே விட்டு, முதுகுப்பக்கம் ஜிப்பை ஏற்றிய பிறகு வெளியே ஒரு மணிகூடத் தெரியாது. டிசம்பர் நீர் நமக்குக் குளிராகத்தான் இருக்கும் என்பதால் அந்த உடை எப்படியும் தேவைப்படும். வளையல், மெட்டி, தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கப்பல் அறையின் பெட்டகத்திலேயே விட்டுவிடுங்கள். படகில் வைத்தால் தேடுவதற்கே நாள் போய்விடும். குமட்டலுக்கு அவோமின் போடுவதாக இருந்தால் ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள். என் கணவருக்கு அது தூக்கத்தைத் தந்ததால், அவர் அதைப் போட்டுக்கொண்டு நீரில் இறங்கவில்லை.

கரையோரவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாலுமிமகன் அவர்களின் பன்னிரண்டு நிமிடக் கதையைப் படித்த மனைவி, நேரடிப் பதிவு என்ற பேச்சை அத்தோடு முடித்துவிட்டார். கப்பல் வழியாகவே காலைப் படகில் மூவருக்கும் பதிவு செய்துவிட்டோம். மறுபயிற்சிக்கு வரும் சனிக்கிழமை குளத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். நீலவாணி அவர்களின் கேள்விக்கு வீட்டில் இன்னும் பதில் கிடைக்கவில்லை. மகள் அவர் பக்கம், நான் ஈயக்கட்டி பக்கம். ஆனால் அதே மகள், இரையூட்டல் முடிந்ததும் மணலில் சுறாப் பற்கள் விழுந்து கிடக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, தனக்கு ஒன்று வேண்டும் என்கிறாள். எடுத்து வரலாமா?

நீலவாணி எழுதியது:

பற்கள் கிடக்கும் என்பது உண்மை. எடுத்து வர வேண்டாம். 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில், பவளச் சுறா அடங்கிய குடும்பம் முழுவதையும் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதி தேவைப்படும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2023 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தின் உடற்பகுதிக்கு மயாமி சுங்கத்தில் ஆவணம் கேட்டால் பதினைந்து வயதுப் பெண் என்ன காட்டுவாள்? உள்ளங்கையில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு மணலிலேயே விட்டுவிடுங்கள். அதையும் பெட்டியை மூடிச் சுறாக்கள் விலகிய பிறகு செய்யுங்கள், கைகளைக் கட்டிக்கொண்டிருக்கச் சொன்ன நேரத்தில் அல்ல.