தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்களும் ஆபீஸ் சர்வரும்: உங்கள் அனுபவம் என்ன?

சிவகாசி, அச்சகம்

எங்களுடையது காலண்டர், டைரி அடிக்கிற அச்சகம். டிசைன் பக்கம் எல்லாம் மேக், கணக்குப் பக்கம் விண்டோஸில் டேலி. நடுவில் உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய டவர் ஒன்றுதான் சர்வர்; லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்கும் மேக்குக்கும் பகிரும் சாம்பா மென்பொருள் வழியாக எல்லாருக்கும் பொது. பழைய மேக் ஒன்றில் கிடந்த வேலைகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து அந்த சர்வருக்கு ஏற்றினோம். அதற்குப் பிறகுதான் கூத்து.

'கோயில் காலண்டர்' என்ற ஃபோல்டர் விண்டோஸில் கண்ணுக்குத் தெரிகிறது. மவுஸால் தட்டினால் திறக்கிறது. அதே பாதையை டைப் செய்தால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. கணக்குப் பையன் அதே பெயரில் புதிதாக ஒன்று உருவாக்க, சர்வர் மறுபேச்சில்லாமல் உருவாக்கிக் கொடுத்தது. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர், பக்கத்தில் பக்கத்தில்! பெர்மிஷன், சாம்பா கான்ஃபிக், நெட்வொர்க் கேபிள் வரை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம்.

பிறகுதான் ஒன்று பிடிபட்டது. 'முருகன்', 'மாரியம்மன்' ஃபோல்டர்களில் எந்த வம்பும் இல்லை. 'கோயில்', 'பொங்கல்', 'சோழர்' இவைதான் மக்கர். கணினி எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம்: 'க' போட்டு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை வட்டு பெயரை எழுதும்போதே பிரித்துவிடும். விண்டோஸ் கீபோர்டில் அடித்தால் ஒற்றைக் குறி வரும். லினக்ஸின் வட்டு முறையான இஎக்ஸ்டி4 பைட்டை மட்டும்தான் ஒப்பிடும், எழுத்தைப் பார்க்காது. ஒகர, ஓகார, ஔகாரக் குறி வருகிற எல்லாப் பெயருக்கும் இதே கதி.

பழைய மேக்கோடு வந்த 2.6.9 ஆர்சிங்க்கில், பெயரின் குறிமுறையை மாற்றும் 'ஐகான்வ்' ஆப்ஷன் கிடையாது. 3-ம் பதிப்பைத் தனியாகப் போட்டு, பெயர்கள் மேக் யூடிஎஃப்-8 (மேக் பிரித்து எழுதும் வடிவம்) என்று சொல்லி ஏற்றினால் வழியிலேயே பெயர் சேர்ந்துவிடும். ஏற்கெனவே போனவற்றுக்கு, ஃபைல் பெயர்களைத் திருத்தும் 'கான்வ்எம்வி' கருவியை ஓட்டினோம். அது முதலில் ஒத்திகை மட்டும்தான் பார்க்கும், நோடெஸ்ட் என்று சொன்ன பிறகே பெயரை மாற்றும். நல்ல பழக்கம். இரட்டையாக இருந்தவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

திருநெல்வேலி, பத்திர எழுத்தர் அலுவலகம்

அண்ணாச்சி, எங்க தொல்லை வேற மாதிரி. இங்க ஸ்டாஃப் ஃபைல் பெயரிலேயே பத்திரத்தை எழுதிருவாங்க: மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், விற்பவர், வாங்குபவர், 'கிரயம் நகல் திருத்தியது இறுதி 2'. விண்டோஸ் வட்டுல சேவ் ஆகும். லினக்ஸ் சர்வருக்குக் காப்பி பண்ணா அந்த ஃபைல் மட்டும் ஏறாது.

இஎக்ஸ்டி4-ல ஒரு பெயருக்கு 255 பைட்டுதான். யூனிகோடைப் பைட்டா எழுதுற யூடிஎஃப்-8 முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட்டு. ஆக 85 குறி, புள்ளியும் கொம்பும் கூட அதுல சேர்த்தி. 'திருநெல்வேலி' கண்ணுக்கு 6 எழுத்து, கணக்குக்கு 12 குறி, 36 பைட்டு. ஊர்ப் பெயரே ஏழுல ஒரு பங்கைத் தின்னுட்டுது! விண்டோஸோட வட்டு முறை என்டிஎஃப்எஸ் 255 குறி வரை விடும், அதான் அங்க தெரியல. இப்ப வருஷம், ஆவண எண் மட்டும்தான் பெயர். மத்த விவரம் ஒரு எக்செல்ல. முனகிக்கிட்டேதான் செய்றாங்க.

கோவை, விளம்பர நிறுவனம்

மேக்காரர்கள் தேதியைச் சாய்கோடு போட்டு எழுதுகிற பழக்கத்தை யாரும் சொல்லவில்லையே. ஃபைண்டர் அதை ஏற்றுக்கொண்டு, உள்ளே முக்காற்புள்ளியாக (:) வைத்துக்கொள்ளும். விண்டோஸுக்கு முக்காற்புள்ளி ஆகாது. ஆர்சிங்க்கில் ஏற்றியதாக இருந்தால் சாம்பா அலைக்குறி போட்ட ஏதோ ஒரு சுருக்கப் பெயரைக் காட்டும், கிளையன்ட் பெயரே தெரியாது. சாம்பாவில் 'கேட்டியா' மாட்யூல் போட்டு வேறு குறிக்கு மாற்றலாம். நாங்கள் சாய்கோட்டையே தடை செய்துவிட்டோம்.

சென்னை, ஆடிட்டர் அலுவலகம்

பெயர்ச் சிக்கல் இல்லாத ஒன்று. சர்வரில் உபுண்டுவை அப்டேட் செய்ததும் பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் ஃபோல்டருக்கு வருவது நின்றுபோனது. மெஷினுக்கு எஸ்எம்பி1 என்ற பழைய ஃபோல்டர் பகிர்வு முறை மட்டும்தான் தெரியும். 2019-ல் வந்த சாம்பா 4.11 முதல் அது அணைத்தே வருகிறது. ஒரு வரி எழுதித் திறந்துவிடலாம் என்றார் சர்வீஸ்காரர். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது விண்டோஸின் அதே எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான், எனவே வேண்டாம் என்றோம். ஸ்கேன் இப்போது எஃப்டிபி என்ற வேறு ஃபைல் அனுப்பும் வழியில் வருகிறது. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 அப்டேட் வந்த பிறகு பாஸ்வேர்டு இல்லாத பொது ஃபோல்டரும் திறக்கவில்லை. ஆளுக்கொரு சாம்பா பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததும் சரியானது.

சிவகாசி அச்சகத்தாரிடம் ஒரு கேள்வி: புது மேக்கிலும் பெயர் பிரிகிறதா?

சிவகாசி, அச்சகம்

சார், புது மேக்கில் வட்டு முறை ஏபிஎஃப்எஸ். நாம் கொடுத்தபடியே பெயரை வைத்துக்கொள்ளும், ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். ஆனால் பழைய வட்டிலிருந்து வந்த பெயர் பிரிந்தபடியே இருக்கும். கஸ்டமர் மேக்கிலிருந்து அனுப்புகிற ஜிப்பிலும் அப்படி வருகிறது. அதனால் வாராவாரம் ஒரு தடவை கான்வ்எம்வி ஒத்திகையை ஓட்டிப் பார்த்துவிடுகிறோம்.