எல்கேஜி பிள்ளைங்க கையால அம்மா அப்பாவுக்கு கிறிஸ்மஸ் கிஃப்ட் – செஞ்சவங்க, வாங்கினவங்க வந்து சொல்லுங்க

பாளை டீச்சர்:
டிசம்பர் பொறந்தாலே "டீச்சர், பிள்ளைய வச்சு ஈஸியா ஏதாவது கிஃப்ட் செய்ய சொல்லுங்களேன்"னு போன் வர ஆரம்பிச்சிரும், அதான் எல்லாரும் ஒரே இடத்துல சொல்லிட்டா நல்லதுனு இத ஆரம்பிக்கேன். நான் எல்கேஜி எடுக்கேன், சர்ச்ல சண்டே கிளாஸ்லயும் சின்ன வகுப்புதான். வீடியோல காட்டுற கிஃப்ட்ல முக்கால்வாசி பெரியவங்க வெட்டி, ஒட்டி, மடிச்சு முடிச்சுட்டு கடைசில பிள்ளைய கூப்பிட்டு ஒரு பொட்டு வைக்க சொல்றதுதான். வாங்குற அம்மாவுக்கு அது தெரியாமலா போகும், பாத்த உடனே "டீச்சர் நல்லா செஞ்சிருக்கீங்க"ம்பாங்க.

மூணு வயசு கைக்கு கிழிக்க வரும், கசக்க வரும், ஒட்ட வரும், விரல்ல தொட்டு வைக்க வரும். கத்திரிக்கோல்லாம் நாலு வயசுக்கு மேல, அதுவும் முனை மழுங்கினது. ஒரு இடத்துல பத்து பதினஞ்சு நிமிஷம் உக்காந்தாலே பெருசு. இதுக்குள்ள அடங்குற வேலையா பாத்து எடுத்தா போதும்.

எங்க கிளாஸ்ல நல்லா போனது வெண்டைக்கா அச்சு வச்ச துணிப்பை. வெண்டைக்காய காம்பு பக்கம் குறுக்க வெட்டினா அஞ்சு முனை ஸ்டாரு ரெடியா இருக்கு, கிறிஸ்மஸுக்கு வேற என்ன வேணும். பொரியலுக்கு வாங்குற பிஞ்சு ஆகாது, கடைக்காரர் ஓரமா ஒதுக்கி வச்சிருப்பாரு பாருங்க முத்தல், அதுதான் வேணும். காலைலயே வெட்டி ஒரு பழைய துணி மேல கவுத்தி வச்சிட்டா அந்த வழவழப்பு இழுத்துரும். பெயின்ட்ட தட்டுல ஊத்தி தொட விட்டா நடுவுல உள்ள குழியெல்லாம் ரொம்பி ஸ்டாருக்கு பதிலா உருண்டையா விழும், அதனால ஒரு ஸ்பாஞ்ச் துண்ட நனைச்சு பிழிஞ்சு அதுல ஃபேப்ரிக் பெயின்ட்ட ஊத்தி அதுல தொட வைக்கணும். பிள்ளைங்க அழுத்தி இழுக்கும், "இழுக்காத, டொக்குனு வச்சு டக்குனு எடு"னு சொன்னா கிளாஸ் பூரா டொக்கு டக்குனு கத்திக்கிட்டே வைக்கும், பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து எட்டி பாத்துட்டு போவாங்க. ஒரு நாள் பூரா காய விட்டு, பைய உள்பக்கம் திருப்பி அயர்ன் பண்ணிட்டா அப்புறம் துவைச்சாலும் போகாது. 2019 ஜனவரில இருந்து நம்ம ஊர்ல பிளாஸ்டிக் பைக்கு தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைனு வேற கவர்மென்ட்டே கொண்டு வந்தாச்சு, அதனால அம்மாமார் கைல தினமும் இருக்கும்னு நெனச்சேன், ஆனா பாதி பேரு பீரோல மடிச்சு வச்சிருக்காங்க, கேட்டா அழுக்காயிருமாம்.

ரகசியம் மட்டும் எதிர்பாக்காதீங்க. ஒரு பொடியன் வீட்டுக்கு போன உடனே "அம்மா நான் உனக்கு பை செய்யல, ஸ்டாரு போட்ட பை செய்யவே இல்ல"னு சொல்லிட்டானாம்.

இன்னொன்னு, கிளாஸ்ல "அம்மா அப்பாவுக்கு"னு சொல்லாம "வீட்ல உள்ளவங்களுக்கு"னு சொல்லுங்க. ஆச்சி தாத்தா வளக்குற பிள்ளைங்க நெறய இருக்கு, அந்த பிள்ளை ஆச்சிக்கு செய்யட்டும், அதுக்கு தனியா ஒரு விளக்கம் எல்லாம் வேண்டாம்.

நாகர்கோவில்காரி:
டீச்சர் அருமையா சொன்னீங்க. நான் வீட்ல செஞ்சத சொல்லுதேன், உப்பு மாவு. மைதா ரெண்டு கப்பு, தூள் உப்பு ஒரு கப்பு, தண்ணி ஒரு கப்புக்கு கொஞ்சம் கம்மியா, சப்பாத்திக்கு பிசையற மாதிரி ஆனா இன்னும் கெட்டியா. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு உருட்டி, பிள்ளை கைய அதுல அமுக்கி எடுத்து, மேல ஸ்ட்ராவால ஒரு ஓட்டை, பின்னாடி தீக்குச்சியால வருஷத்த எழுதிருங்க, மாவு காஞ்ச பெறகு எழுத முடியாது. மரத்துல தொங்க விடலாம். எங்க ஊர் பக்கம் கிறிஸ்மஸ் மரம்னா பல வீட்ல சவுக்கு கிளைதான், அதுல கனமா தொங்க விட்டா கிளை வளஞ்சு தரைய தொடும், அதனால சின்னதா போடுங்க. அந்த சவுக்குலயே குட்டி குட்டியா காய் கெடக்கும் பாத்திருப்பீங்க, கடற்கரைல பொறுக்கினா ஒரு பை நெறயும், அது பைன் காயோட குட்டி தம்பி மாதிரி இருக்கும், ஃபெவிகால்ல தொட்டு அட்டை வளையத்துல ஒட்ட விட்டா பிள்ளைக்கு ஒரு மத்தியானம் போயிரும், கதவுல மாட்ட ஒரு வளையமும் ஆச்சு.

மாவுல சிக்கலே காயறதுதான். மார்கழி பனிக்கும் மழைக்கும் வெயில்ல வச்சா மேல மட்டும் காஞ்ச மாதிரி இருக்கும், அடில பிசுபிசுன்னே இருக்கும், உப்பு ஈரத்த இழுக்கும்லா. ஓடிஜி, அதான் கேக் சுடுற கரண்ட் அடுப்பு, இருந்தா 100 டிகிரில ரெண்டு மூணு மணி நேரம், நடுவுல ஒரு தடவ திருப்பி போட்டு. சூடு கூட்டினா உப்பி வெடிச்சிரும், மைக்ரோவேவும் அப்படித்தான். ஆறின பெறகு ஃபெவிகால்ல தண்ணி கலந்து ரெண்டு பக்கமும் பூசுங்க.

வீட்ல நாய் இருந்தா இத தரைக்கு எட்டுற மாதிரி தொங்க விடாதீங்க, பிசைஞ்ச மாவையும் வச்சிட்டு எந்திரிச்சு போகாதீங்க. அவ்ளோ உப்பு நாய் தின்னா உயிருக்கே ஆபத்து, விளையாட்டு இல்ல.

யாழ்ப்பாணத்து டீச்சர்:
நாங்கள் இங்க முன்பள்ளியில நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, செய்விக்கிறனாங்கள், ஆனா கார்த்திகை மார்கழியில இங்க மழைதான், பெயின்ற் பூசினா அடுத்தநாள் பாத்தாலும் ஒட்டும். பிறகு பிள்ளையள் பொறுக்காமல் தொட்டு எல்லாம் அழிஞ்சு போகும். அதால நான் காய வேண்டிய வேலையளையே விட்டிட்டன். ரெண்டு ஐஸ்பழக் குச்சியை சிலுவை மாதிரி வைச்சு நடுவில நாங்கள் கட்டிக் குடுப்பம், பிள்ளையள் அதில கலர் கலரா ஊல் நூல் சுத்துவினம். ஒரு குச்சியில ஒரு சுத்து, அடுத்த குச்சிக்குப் போ, இன்னொரு சுத்து, அவ்வளவுதான். நாலரை வயசுப் பிள்ளையள் பிசகாமல் சுத்துவினம், சின்னன்கள் கண்டபாட்டுக்குச் சுத்தும், அதுவும் வடிவாத்தான் இருக்கும், நான் கழட்டிச் சுத்த விடமாட்டன். நூலை முதலே ஒரு முழம் ஒரு முழமா வெட்டி வைச்சிருங்கோ, உருண்டையாக் குடுத்தா அது மேசைக்குக் கீழ ஓட பிள்ளையளும் பின்னால ஓடுவினம்.

பனை ஓலையில நட்சத்திரம் பின்னச் சொல்லி ஒரு அம்மா கேட்டவ, அது இந்த வயசுக்குச் சரிவராது, ஓலை விளிம்பு விரலைக் கீறும். வேணுமெண்டா பின்னின குட்டிப் பெட்டியா வாங்கி அதில பிள்ளை ஏதாவது ஒட்டட்டும்.

பாளை டீச்சர்:
சரியா சொன்னீங்க டீச்சர். எங்க பக்கமும் மணப்பாட்டு ஓலைப்பெட்டி வாங்கி அதுல கலர் பேப்பர கிழிச்சு ஒட்ட விடுறது உண்டு. கிழிக்க சொன்னா பிள்ளைங்களுக்கு என்ன சந்தோஷம்ங்கறீங்க, வீட்ல கிழிச்சா அடி, இங்க கிழிச்சா சபாஷ்.

மஸ்கட்ல இருந்து ஒரு அப்பா:
நான் செஞ்சவன் இல்ல, வாங்கினவன், பேசலாமா. இங்க டிசம்பர் 25 லீவு கிடையாது, வார நாள்ல வந்துச்சுனா வழக்கம் போல டூட்டிதான், சாயங்காலம் சர்ச்சுக்கு போயிட்டு வருவோம். என் பொண்ணு யூகேஜி. ஊர்ல இருந்து வந்தவர் சட்டப்பைல இருந்து ஒரு ரிப்பன் சுருள எடுத்து குடுத்தாரு, நான் ஏதோ கேக் பெட்டில கட்டினது அவுந்து வந்திருச்சுனு நெனச்சேன். விரிச்சு பாத்தா ஒரு முனைல பாப்பாவோட இடது கைய வரஞ்சு வெட்டின அட்டை, இன்னொரு முனைல வலது கை. பாப்பா ரெண்டு கையையும் விரிச்சு நிக்க, விரல் நுனில இருந்து விரல் நுனி வரைக்கும் அளந்து ரிப்பன வெட்டியிருக்காங்க. அத தோள சுத்தி போட்டுக்கிட்டா பாப்பா கட்டிப்பிடிச்ச மாதிரினு அவ அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா. ரூம்ல நாலு பேரு இருக்கோம், யாரும் இல்லாத நேரமா பாத்துதான் போட்டு பாத்தேன். இப்ப லாக்கர் கதவுல உள்பக்கமா ஒட்டி வச்சிருக்கேன், பாப்பா அதுக்குள்ள வளந்திருப்பா, ரிப்பன் பத்தாது.

வெளிநாட்டுக்கு அனுப்புறவங்க தயவு செஞ்சு தட்டையா, லேசா இருக்கறத அனுப்புங்க. போன வருஷம் அந்த உப்பு மாவு கையும் வந்துச்சு, ரெண்டு விரல் தனியா வந்துச்சு. ஒட்டிட்டேன்.

கோவை அம்மா:
அண்ணா அந்த ரிப்பன் ஐடியா எனக்கு கண்ணு கலங்கிருச்சுங்க. நாங்க கிறிஸ்டியன் இல்லீங்க, ஆனா பையன் படிக்கற ப்ளேஸ்கூல்ல எல்லா பண்டிகையும் உண்டு. அவங்க மிஸ் கார்த்திகைக்கு வாங்கி மிச்சம் இருக்கற அகல் விளக்கு ஆளுக்கொன்னு கொண்டு வர சொன்னாங்க, எதுக்குனு சொல்லல. சுடுமண்ணு தண்ணிய டக்குனு உறிஞ்சிக்கும்ல, அதனால போஸ்டர் கலர் பூசினா கொஞ்ச நேரத்துலயே காஞ்சிருதாம், மழைக்காலத்துக்கு நல்லா தோதான ஐட்டம். முதல்ல வெள்ளை ஒரு கோட்டிங், அது மேல கட்டை விரல் அச்சா செவப்பு பச்சைனு வச்சு, கடைசில மிஸ்ஸே வார்னிஷ் அடிச்சு குடுத்துட்டாங்க. இப்ப அதுலதான் என்னோட ஹேர்பின், சேஃப்டி பின், பொட்டு அட்டை எல்லாம் கெடக்குது. நெஜமாவே யூஸ் ஆகுற கிஃப்ட் என் வீட்டுக்காரர் கூட இதுவரைக்கும் தந்தது இல்லீங்க 😄

கூடவே ஒரு கார்டு. அப்பாவ பத்தி கேள்வி கேட்டு, பையன் சொன்னத அப்படியே எழுதி குடுத்திருந்தாங்க. அப்பாவுக்கு பிடிச்ச சாப்பாடு: டீ. அப்பா என்ன வேலை செய்யறாரு: சார்ஜ் போடறாரு. அப்பா எவ்ளோ உயரம்: ஃபேன் வரைக்கும். இவரு அத ஆபீஸ்ல மானிட்டர் பக்கத்துல வச்சிருக்காரு, வர்றவங்க எல்லாம் படிச்சுட்டு சார்ஜ் போட்டாச்சானு கேக்கறாங்களாம்.

பாளை டீச்சர்:
அந்த கார்டுல டீச்சர்மார் ஒண்ணு பண்ணக்கூடாது, பிள்ளை சொல்றத திருத்தக்கூடாது. "எங்கப்பா தூங்குவாங்க"னு சொன்னா தூங்குவாங்கனே எழுதுங்க, "கடினமாக உழைப்பார்"னு மாத்திட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு. ஒட்டினது கோணலா இருந்தாலும் அப்படித்தான், பிள்ளை வீட்டுக்கு போன பெறகு எடுத்து நேரா ஒட்டுற ஆளுங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்காது.

தூத்துக்குடி பொண்ணு:
அக்கா எனக்கு ஒரு சந்தேகம், எங்க சண்டே கிளாஸ்ல ஜிகினா தூள் வாங்கி வச்சிருக்காங்க, மூணு வயசு பிள்ளைங்ககிட்ட குடுக்கலாமா? அப்புறம் அந்த குட்டி பேட்டரி லைட்டு, அத பேப்பர் கப்புக்குள்ள வச்சு விளக்கு மாதிரி செய்யலாம்னு ஒரு அண்ணன் சொல்றாங்க.

பாளை டீச்சர்:
ஜிகினா வேண்டாம் தங்கச்சி. அந்த கையாலயே கண்ண தேய்க்கும், பொங்கல் வந்தாலும் தரைல மினுங்கிட்டே கெடக்கும். அதுக்கு பதிலா கலர் கோலப்பொடி எடுங்க, மார்கழி சீசன்ல தெருவுக்கு தெரு விக்கும். கார்டுல ஃபெவிகாலால நீங்க ஒரு ஸ்டாரு வரஞ்சு குடுங்க, பிள்ளை கைப்பிடி பொடிய அள்ளி தூவட்டும், மிச்சத்த தட்டி கொட்டிருங்க. முடிஞ்ச உடனே கை கழுவ வைக்கணும், வாய்ல வைக்கற பிள்ளைனா பொடியும் வேண்டாம், பேப்பர கசக்கி ஒட்டட்டும். பேட்டரி லைட்டு கண்டிப்பா வேண்டாம்னு அந்த அண்ணன்கிட்ட சொல்லிருங்க, அதுல இருக்கறது பட்டன் பேட்டரி, பிள்ளை முழுங்கிட்டா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிரும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நாகர்கோவில்காரி:
டிரஸ்ஸு விஷயமும் சொல்லிரணும். அப்பாவோட பழைய சட்டைய முன்ன பின்ன மாத்தி போட்டு பின்னாடி பட்டன் போட்டு விட்டா முட்டு வரைக்கும் மூடிரும், ஏப்ரன் வாங்க வேண்டாம். அக்ரிலிக் பெயின்ட்டு பிள்ளைங்ககிட்ட குடுக்காதீங்க, காஞ்சா துணில இருந்து போகவே போகாது, ஃபேப்ரிக் பெயின்ட்டும் அப்படித்தான், யூனிஃபார்மோட உக்கார வைக்காதீங்க.

கோவை அம்மா:
ஸ்டாம்ப் பேட் மைய எப்படிங்க எடுக்கறது? விரல் அச்சுக்கு அது ஈஸினு வாங்கி குடுத்தேன், பையன் பத்து விரலும் ஊதா கலர்ல சுத்திட்டு இருக்கான், நாளைக்கு எங்க மாமியார் வர்றாங்க.

யாழ்ப்பாணத்து டீச்சர்:
தேங்காய் எண்ணெய் பூசி நல்லாத் தேய்ச்சு விடுங்கோ, கொஞ்சம் ஊற விட்டு பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. நகக்கண்ணில இருக்கிறது மட்டும் ரெண்டு நாள் நிக்கும், மாமி கேட்டா பள்ளிக்கூட வேலை எண்டு சொல்லுங்கோ.