ஹெட் ஆபீஸ் யூனிட்டுக்குள்ள எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?

குரூப்_பைனான்ஸ்:
எங்க குரூப்ல ஆறு கம்பெனி, ஆறும் வேற வேற தொழில். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் ஒவ்வொரு யூனிட் ஹெட்டும் குட்டி ராஜா மாதிரி இருந்தாங்க, அப்புறம் ஒரே சப்ளையர்கிட்ட மூணு யூனிட் மூணு ரேட்டுக்கு வாங்கறது தெரிஞ்சு போய் மேனேஜ்மென்ட் பர்ச்சேஸ், ஐடி, எச்ஆர், பேங்க் அக்கவுன்ட் எல்லாத்தையும் மேல இழுத்துட்டாங்க. இப்ப மெஷினுக்கு ஒரு ஸ்பேர் வாங்கவே மூணு வாரம். யூனிட்ல எங்களை வில்லனா பாக்குறாங்க, மேல கேட்டா "விட்டா பழைய கதைதான்"ங்கிறாங்க. எதை மேல வைக்கணும், எதை கீழ விடணும்? கன்சல்டன்ட் பிபிடி வேணாம், ஏற்கனவே நாலு இருக்கு.

பழைய_யூனிட்_ஹெட்:
நான் அந்தப் பக்கம் இருந்தவன், அதனால கொஞ்சம் கோபமாவே வரும். எங்களுக்கு எரிச்சல் கன்ட்ரோல் மேல இல்ல சார். லாபத்துக்கு நான் பொறுப்பு, ஆனா ஆள் எடுக்க, விலை குறைக்க, ஸ்பேர் வாங்க எதுக்கும் அதிகாரம் இல்ல, வருஷக் கடைசில ஹெட் ஆபீஸ் செலவுன்னு ஒரு தொகையை டர்ன்ஓவர் கணக்குல பிரிச்சு என் தலையில கட்டுவாங்க, நான் கேக்காத சர்வீஸுக்கு. ரேட்டை மட்டும் ஹெட் ஆபீஸ் மொத்தமா பேசி முடிக்கட்டும், ஆர்டரை யூனிட் போடட்டும். உங்க மூணு வாரம் பாதி அங்கயே போயிடும்.

ஆடிட்_ஆளு:
மேல சொன்னது சரி, ஆனா பேங்க் அக்கவுன்ட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துடாதீங்க. 1920ல அமெரிக்க கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ்ல இதே கூத்துதான், டிவிஷன்கள் இஷ்டத்துக்கு ஸ்டாக் வாங்கிக் குவிச்சாங்க, மார்க்கெட் விழுந்ததும் மொத்த கம்பெனியும் ஆடிப்போச்சு. அப்போ பணமும் டிவிஷன் கையிலதான், ஹெட் ஆபீஸ் கிட்டத்தட்ட கெஞ்சி வாங்கணும். 1922ல பணத்தை ஒரே இடத்துல சேர்த்தாங்க, 1923ல ஆல்ஃப்ரட் ஸ்லோன் பிரசிடென்ட் ஆனார். ஆனா காரை செய்யறது விக்கறது டிவிஷன் வேலையாவே இருந்துச்சு, டீலர்கிட்ட இருந்து பத்து நாளைக்கு ஒரு தடவை விற்பனைக் கணக்கு மட்டும் மேல வந்துடும். பாக்கற உரிமை வேற, கையெழுத்து போடற உரிமை வேற. உங்க ஹெட் ஆபீஸ் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டு இருக்கு.

பாக்காம விட்டா என்ன ஆகும்னா லண்டன்ல ஹெட் ஆபீஸ் வச்சிருந்த பேரிங்ஸ் பேங்க் கதைதான். சிங்கப்பூர்ல நிக் லீசன் டிரேடிங்கையும் பாத்தார், அதோட கணக்கு முடிக்கற செட்டில்மென்ட்டையும் அவரே பாத்தார், அவர் கேட்டப்பல்லாம் லண்டன் பணம் அனுப்பிச்சு, நஷ்டம் மறைஞ்சே வளர்ந்துச்சு. 1995ல பேங்க்கே ஒரு பவுண்டுக்கு வித்துப் போச்சு.

சும்மா_படிக்க_வந்தவன்:
அப்போ வாரன் பஃபெட் வளர்த்த பர்க்ஷயர் ஹாத்வே குரூப் மாதிரி யூனிட்டை அதுங்க போக்குல விட்டுட வேண்டியதுதானே? அங்க ஹெட் ஆபீஸ்ல சுமார் 30 பேர்தானாம்.

பழைய_யூனிட்_ஹெட்:
தம்பி, அங்கயும் உபரிப் பணம் ஒமாஹாவுல இருக்கற ஹெட் ஆபீஸுக்குத்தான் போகும், எங்க போடறதுன்னு முடிவு பண்றது அவங்கதான். அதோட ஒரு யூனிட்டுக்கு இன்னொரு யூனிட்டோட வேலையே இல்ல. ஒரே கடைக்குள்ள இருக்கறவங்களை அப்படிப் பிரிச்சா அமெரிக்க ரீடெயில் கம்பெனி சியர்ஸ் கதைதான், 30க்கு மேல யூனிட்டா உடைச்சு ஒவ்வொண்ணுக்கும் தனி லாப நஷ்டக் கணக்கு, விளம்பர இடத்துக்கே ஒருத்தரோட ஒருத்தர் அடிச்சுக்கிட்டாங்க. 2018ல திவால் மனு (அதுக்கு வேற காரணமும் நிறைய, அது தனிக் கதை).

குரூப்_பைனான்ஸ்:
பார்க்கிறது வேற கையெழுத்து வேறன்னது சுருக்குன்னு குத்துச்சு. போன மாச அப்ரூவல் லிஸ்டை எடுத்துப் பாத்தேன், ஸ்பேர் கேட்டு வந்ததுல நாங்க ஒண்ணைக்கூட மறுக்கல. எல்லாத்துக்கும் ஓகே சொல்லத்தான் மூணு வாரம் எடுத்திருக்கோம். திங்கட்கிழமை அந்த லிஸ்டோடவே சிஎஃப்ஓ ரூமுக்குப் போறேன்.